ஒத்திகைக்குப் பிறகும் திறந்திருக்கும் பெட்டி

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறி, பாத்தித் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும் நேரத்துக்கு டீக்காரர் வருவார். மொபெட்டின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் டீ கேன், வடை, கண்ணாடி டம்ளர்கள். துபாயில் மூட்டை தூக்கி, முதுகு போய், ஊர் திரும்பியவர். இந்த டீதான் அவருக்குச் சோறு. எல்லோருக்கும் அவர் பாய், எனக்கு மட்டும் தம்பி. நான் மூத்தவள். அந்த மரியாதையை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. வெளியூர் அதிகாரி இறங்கி எங்களைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒத்திகைம்மா. எங்க ஆளுங்களே தீவிரவாதி வேஷத்துல படகுல வந்து இறங்குவாங்க. நாங்க புடிக்கணும். சந்தேகமா யார பாத்தாலும் போன் பண்ணிடுங்க."

"தாகம்னு வந்து நின்னா தண்ணி குடுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"குடுத்துட்டு போன் பண்ணுங்க ஆயா" என்று சிரித்தார்.

மறுநாள் டீ வரவில்லை. ரோட்டிலேயே அவரைப் பிடித்துவிட்டார்கள். தாடி, கைலி, பின்னால் ஒரு பெட்டி என்று யாரோ போன் செய்திருந்தார்கள். வடையைக் கீழே கொட்டி, கேனுக்குள் குச்சி விட்டுக் கலக்கிப் பார்த்து, மத்தியானம் வரை வெயிலில் உட்கார வைத்து அனுப்பினார்களாம். "ஒத்திகைதான பாய், மனசுல வச்சுக்காத" என்று ஒருத்தர் தோளில் தட்டினாராம். வேஷம் போட்டவர்களோ எங்கள் வரப்பு வழியாகத்தான் நடந்து போனார்கள். மீன் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து நாங்கள் வழிவிட்டோம். அடுத்த நாள் பேப்பரில் அவர்கள் படம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

போன் செய்தது என் ஓரகத்தி. அவளே சொன்னாள்.

"பயமா இருந்துச்சுக்கா. ரோட்டுல வரும்போது பெட்டிய பாத்தேன், தாடிய பாத்தேன், கை தானா போனுக்கு போயிடுச்சு."

"தெனம் அந்தப் பெட்டி வடையத்தானடி தின்ன? அப்பல்லாம் தாடி இல்லியா?"

அவள் அழுதாள். எனக்கு மேலே திட்ட வாய் வரவில்லை. அவள் பயம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு தேர்தல் முடிந்த வாரம், ஒரு கும்பல் எங்கள் தெருவுக்குள் புகுந்து கூரைக்குத் தீ வைத்தது. பாதிப் பேர் எனக்கு முகம் தெரிந்தவர்கள். ஒருத்தன் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரியவன். அவனை யாரும் தீவிரவாதி என்று சொல்லவில்லை. அதற்குக் கலவரம் என்று பெயர் வைத்து, ஆளுக்கு ஒரு தார்ப்பாயும் அரிசியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எரிந்தது நாலைந்து வீடுதான். என் ஓரகத்தி வீட்டில் ஒரு ஓலைகூடக் கருகவில்லை. ஆனாலும் அவள் வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. மோட்டார் பைக் சத்தம் கேட்டால் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். தெருவே அப்படித்தான் கிடந்தது. வாராத உப்பு பாத்தியிலேயே மழைக்குக் கரைந்தது. எரியாத வீடுகளை மிரட்டத்தான் அந்த நாலைந்து வீட்டை எரித்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

டிவியில் தீவிரவாதம் தீவிரவாதம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானை மறைவுதான் ஞாபகம் வரும். நெருப்பு ஒரு மணி நேரத்தில் அணைந்துவிட்டது. பயம் அவளுக்குள்ளேயே குடியிருந்து, இத்தனை வருஷம் கழித்து, ஒரு பாவமும் அறியாத மனுஷன்மேல் போய் விழுந்தது.

பாய் அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் மொபெட் சத்தம் கேட்டது. வழக்கமான இடத்துக்கு வராமல் எட்ட நிறுத்தினார். பெட்டியைத் திறந்தார், துணியை விலக்கினார்.

"பாருங்கம்மா, இது வடை. இது டம்ளர். இது கேன். வேற ஒண்ணும் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. என் ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து போய் மூடியைச் சாத்தினேன். "மூடு தம்பி, வடை ஆறிப்போவுது."

"இருக்கட்டும்மா. பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வந்ததும் அவர் திறந்து வைப்பார், நான் போய் மூடுவேன். ஒரு நாள் முழங்கால் வலியில் நான் பின்தங்கி வந்தேன். கிட்டே வரும்போது பார்த்தால், என் ஓரகத்தி எழுந்து போய் மூடியைச் சாத்துகிறாள்.

"ஆறுதுல்ல பாய்?" என்றாள்.

அவர் அவளுக்கு முதல் டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். உப்பில் வெடித்த இரண்டு கையாலும் அதை வாங்கிக் குடித்தாள்.

மறுநாளும் அவர் பெட்டியைத் திறந்துதான் வைத்தார்.