பலூன் கடையில் பழகிய குறி

போன கோடை முழுக்க எங்கள் ரைஃபிள் கிளப்பில் தோட்டா இல்லை. வெளியே கிடைத்தாலும், எருத்தேன்பதியில் நாலு மாடு கறந்து பால் ஊற்றுகிற எனக்கு அந்த விலை கட்டாது. கை மறந்துவிடக் கூடாதே என்று, மாரியம்மனுக்கு நோம்பி சாட்டித் திருவிழா நடக்கிற ஊரெல்லாம் போய் பலூன் சுடும் கடையில் நின்றேன். அந்தக் கடைத் துப்பாக்கியின் குழல் கோணல். குண்டு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பலூனுக்குச் சற்று இடப்பக்கம் குறி வைத்தால்தான் வெடிக்கும். அந்தச் சனியனையும் பழகிக்கொண்டேன்.

மழை தொடங்கிய பிறகு கிளப்புக்குத் தோட்டா வந்தது. ஆளுக்குப் பத்துத்தான். ஆசையாகப் படுத்துச் சுட்டேன். ஒன்றுவிடாமல் குறி அட்டையின் இடது ஓரத்தில் போய் விழுந்தது. செயலாளர் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டு, என்னிடம் மிச்சமிருந்த ஒரே தோட்டாவை வாங்கி அவரே சுட்டுப் பார்த்தார். நட்டநடுவில் பாய்ந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி பால் கேனைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்க, இனியாச்சும் இந்தக் கூத்த உட்டுப்போட்டு மாட்டைப் பாருங்க" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கும் அலுத்துவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "மீனாட்சிபுரத்துல நோம்பி சாட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.