சித்தப்பா பேரை வெட்டிய வாரம்

பதுளையில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கடைக்கார முதலாளிமார் தங்கள் கடையையும் வளவையும் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதும் மரண சாசனங்களை அடித்து அடித்து, யார் செத்தால் எது யாருக்குப் போகும் என்பது எனக்கு அத்துப்படி. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொருவரிடமும், “ஆருக்குக் குடுக்கிறியள், வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ” என்பார். அப்போது நானும் அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொள்வேன்.

சொந்த வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த, ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் தோட்டத்துக்குத்தான். எங்களுக்கென்று இருந்தது ஒரு பசுவும் அதன் பிடிவாதமும்.

அப்பாவுக்குக் குடலிறக்கம். பதுளை ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அம்மா பயந்து போனாள். எனக்கோ அப்போதுதான் உறைத்தது. தேயிலை ஃபெக்டரியில் அப்பா உழைத்த இத்தனை வருடமும் சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதி அப்படியே இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த நிதிக்கான படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அது போய்ச் சேரும். அம்மாவுக்கு வேறு எந்தப் பிடிப்பும் இல்லை.

“அந்த ஃபாரத்துல யாரு பேரக் குடுத்தீங்கப்பா?”

“ஒஞ் சித்தப்பன் பேரத்தான்.”

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“நீ கைப்புள்ளயா இருக்கப்ப கிளாக்கர் ஐயா ஒரு ஃபாரத்தக் கொண்டாந்து, யாரு பேரப் பதியணும்னு கேட்டாரு. தம்பி வேலயில்லாம சுத்திக்கிட்டு இருந்தான். அவன் பேரக் குடுத்தேன். அடுத்த மாசமே வேல கெடைச்சிருச்சே!” என்றார் அப்பா, பெருமையாக.

தோட்டத்தில் பேர் பதிவது என்றால் நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்வது. வேறு அர்த்தம் எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அப்பா தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததாகவே அத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். சித்தப்பாவும் அப்படித்தான் நம்பி, தீபாவளிக்குத் தீபாவளி அண்ணனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“புள்ளையப் பெத்துப் போட்டது நானு, பேரு தம்பிக்கா?” என்று அம்மா மாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

எனக்கும் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. “சனிக்கிழம ஆபீசுக்குப் போயி சித்தப்பா பேர வெட்டணும்!” என்று கத்தினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். பேர் வெட்டுவது என்றால் தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்துவது. அப்பாவின் முகம் வெளிறிப் போனது.

“அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. நா செத்தாலும் சரி, அவன் பேர வெட்ட விடமாட்டேன்.”

நான் விளக்கினேன். விளங்காதபோது இன்னும் சத்தமாக விளக்கினேன். ‘இத்தனை வயசாகியும் ஒரு காகிதத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரியாதா’ என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். லயத்துச் சுவருக்குக் காது எல்லாம் வேண்டியதில்லை, அது கூரை வரைக்குமே போகாது. அதே லயத்தில் மூன்றாவது காம்பராவில் குடியிருந்த சித்தப்பா வந்து வாசலில் நின்றார்.

“பாப்பா, நா என்னா தப்புப் பண்ணேன்? எதுக்கு என் பேர வெட்டுறீங்க?”

கண் கலங்கியிருந்த அந்த மனுஷனிடம், “ஒங்க ஃபாரத்துல யாரு பேரு?” என்று கேட்டேன்.

“அண்ணன் பேருதான். ரெண்டு எடத்துல பதிஞ்சிருந்தா அவரு வேலைக்குக் கெட்டின்னு குடுத்தேன்.”

பின்னாலேயே வந்த சித்தி, “அப்ப நானு?” என்றாள்.

எங்கள் பசு சித்தியின் போஞ்சிக் கொடியைத் தின்ற நாளிலிருந்து அம்மாவும் சித்தியும் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினார்கள். சனிக்கிழமை இரண்டு பேரும் ஜோடியாக முன்னே நடக்க, அண்ணனும் தம்பியும் பிடிபட்டவர்கள் மாதிரிப் பின்னால் போனார்கள். புதிய கிளாக்கர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு புதுப் படிவங்களை எடுத்தார். ஒன்றில் அம்மா பெயர், மற்றதில் சித்தி பெயர். “வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்று நாலு தடவை சொன்னார். அப்பாவும் நாலு தடவை தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியில் நான் மிதந்தேன். வியாழன் காலை அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பையோடு இறங்கினால், அவர் பஸ் வரும் ரோட்டுப் பக்கம் போகாமல், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பெரட்டுக் களத்துக்கு ஏறினார். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம் அது. “பஸ் போயிரும்ப்பா!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

கணக்கப்பிள்ளை பேர் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சித்தப்பா உதட்டைக் கடித்தபடி நின்றார். அப்பா மூச்சு வாங்கியபடி ஓரமாக நின்றார். ஒவ்வொரு பேராகப் போனது. சித்தப்பாவின் பேரும் வந்தது.

“இருக்கேங்க!” என்று மலையே கேட்கும்படி சித்தப்பா குரல் கொடுத்தார்.

அப்பாவுக்கு அதுவும் போதவில்லை. “எழுதியிருக்கான்னு பாத்துட்டு வா” என்று என்னை அனுப்பினார். ஒரு வாரமாக அவரைத் திட்டித் தீர்த்த எனக்கு அப்போதுதான் வெட்கமாக இருந்தது. தன் ஆபரேஷனை நினைத்து அவர் பயந்த மாதிரியே தெரியவில்லை. இந்த ஒரு பேருக்காகத்தான் அத்தனை நாளும் தூங்காமல் கிடந்திருக்கிறார். போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன்.

“எழுதியிருக்குப்பா. வெட்டல்ல.”

அப்பா சிரித்துவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

“அப்ப சரி, வா போவோம். இனி என் வயித்த வெட்டட்டும்.”