அண்ணியும் நானும் பார்த்த முதல் சீசன்

குருவிநத்தத்தில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் என்னை நான்கு மாதம் பூட்டி வைத்திருந்தார்கள். என்னோடு படித்தவன் ஒருவனுடன் கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்ததை யாரோ போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டார்கள். காதல் என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்திருக்கவில்லை. அவன் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு அப்பா வேறெதையும் கேட்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். கெமிஸ்ட்ரி டிகிரி சர்டிபிகேட் அப்பாவின் பீரோவுக்குள் போனது. நெட் இல்லாத பழைய லேப்டாப்பை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதில் பன்னிரண்டு எபிசோடு இருந்தது. கல்லூரித் தோழி பென் டிரைவில் கொடுத்த ஒரு ஜப்பான் அனிமேயின் முதல் சீசன். வெயிலே விழாத ஒரு கோட்டை நகரம். மூடுபனியோடு வரும் மிருகங்களை வெட்ட ஒரு படை. அதில் எல்லாரையும்விட நன்றாகச் சண்டை போடுகிறவள் ஒரு பெண். அவள் ரத்தத்தில் மிருகம் கலந்திருக்கிறது என்று, சண்டை நேரத்தில் மட்டும் வெளியே விடுவார்கள். முடிந்ததும் கழுத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். கல்லூரியில் இதை வாள்சண்டைக்காகப் பார்த்தேன். அந்த அறையில் சண்டைகளை வேகமாக ஓட்டிவிட்டு, அவள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அம்மா இறந்து வெகுநாளாகிவிட்டது. அப்பாவும் அண்ணனும் காலையில் கரும்புக் கொல்லைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். சாவி அண்ணியிடம் இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவள், கையில் எட்டு மாதக் குழந்தை. மதியம் சாப்பாடு வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். ஒருநாள் நின்றாள்.

"இன்னா பாக்குற?"

"கார்ட்டூனு அண்ணி."

"கார்ட்டூன்ல இவ்ளோ ரத்தமா?"

கீழே ஆங்கிலத்தில் ஓடும் வரிகளைத் தமிழில் சொல்லச் சொன்னாள். மறுநாள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே முழு எபிசோடையும் பார்த்தாள். அதன் பிறகு தினமும் வந்தாள். கரண்ட் போனால் பேட்டரி இரண்டு எபிசோடுதான் தாங்கும். அணைந்ததும் இருவரும் வியர்த்துப்போய் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பன்னிரண்டாவது எபிசோடில் அந்தப் பெண் நகரத்தையே காப்பாற்றுகிறாள். தளபதி அவளுக்குத் தலைவணங்குகிறான். பிறகு அவனே சங்கிலியைப் போட்டுக் கதவைச் சாத்துகிறான். அவ்வளவுதான், முடிந்தது.

"இதுக்கா இவ்ளோ நேரம் பாத்தோம்?" என்று அண்ணி கோபமாக எழுந்து போனாள். வழக்கம்போல வெளியே பூட்டினாள். மறுநாள் அவளே வந்து, "முதல்லேருந்து போடு" என்றாள்.

மூன்றாவது தடவை பார்க்கும்போது திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவளுக்குச் சோறு கொண்டாந்து வெச்சிட்டுப் பூட்டிட்டுப் போவுதே ஒரு பொம்பள, அது வூட்டுக்கே போவாதா?"

"அதப் பத்தி ஒண்ணும் காட்டல அண்ணி."

அண்ணி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஐப்பசியில் பண்டசோழநல்லூரில் மாப்பிள்ளை பார்த்து, வெள்ளிக்கிழமை நிச்சயம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அண்ணி தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் எதுனா இருக்கா?" பென் டிரைவ் கொடுத்த தோழியின் நம்பர் தெரியும். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பி வா என்றாள்.

புதன்கிழமை ஆண்கள் கரும்பு வெட்டுக்குப் போன பிறகு அண்ணி கதவைத் திறந்தாள். குழந்தையின் துணிப்பைக்குள் என் சர்டிபிகேட் இருந்தது. தடுப்பூசி போடப் போவதுபோலக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கரும்புக்கு நடுவே இருந்த வழியில் பாகூர் வரைக்கும் நடந்தோம். இரண்டு பக்கமும் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஒவ்வொரு சலசலப்புக்கும் அண்ணன்தான் வருகிறான் என்று நினைத்தேன். பாகூரில் பஸ் ஏறி கிருமாம்பாக்கத்தில் இறங்கினோம். சென்னை பஸ் வந்தது.

"நீயும் வா அண்ணி."

"கொழந்தைய வச்சிகினு நான் எங்க போறது? ஏறுடி."

"கேட்டா இன்னா சொல்லுவ?"

"நான்தான் தொறந்து வுட்டேன்னு சொல்லுவேன்."

அப்படியே சொன்னாள். அண்ணன் அடித்து, குழந்தையோடு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து அப்பாவே போய்க் கூட்டிவந்தார். மன்னித்துவிட்டார் என்றில்லை, வீட்டில் உலை வைக்க ஆளில்லை.

இப்போது நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். அந்த அனிமேக்கு இரண்டு சீசன் புதிதாக வந்துவிட்டது. படம் இன்னும் அழகாக இருக்கிறது, சண்டைகள் பெரிதாக இருக்கின்றன. எனக்கு ஒட்டவில்லை. முதல் சீசனில் அவள் ரத்தத்தில் மிருகம் என்று சொல்வதோடு சரி, அதற்காக அவளை ஏன் பூட்ட வேண்டும் என்று யாரும் விளக்குவதில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் விளக்கவில்லை. உடம்பு சரியில்லாத நாட்களில் இன்றும் அதைத்தான் போடுகிறேன். லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் முதல் சீசன்தான் சீசன் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன காரணமோ, கேட்டதில்லை.

போன மாதம் அண்ணியிடம் போனில் பேசும்போது, இரண்டாவது சீசன் அனுப்பட்டுமா என்று கேட்டேன். முதல் சீசனைத் தன் போனில் வைத்திருக்கிறாள், மதிய வேலை முடிந்ததும் பார்க்கிறாள்.

"அதுல அவ வெளிய வந்துட்றாளா?"

"மொத எபிசோடுலயே வந்துடுறா. அவளுக்குள்ள ஒரு சக்தி இருந்துச்சாம், கதவு தானா தொறந்துக்குது."

"கதவு தானா தொறந்துக்குமா? எனக்கு வேணாம்" என்றாள் அண்ணி. வெளியே அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவர் வீட்டில் இருக்கும்போது அண்ணி என்னோடு பேச முடியாது. போனை வைத்துவிட்டாள்.