பாலத்தடியில் மாட்டிய வீட்டு வண்டி

வளைகுடாவில் இருபத்தாறு ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டிவிட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பியபோது எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வழிகள் மூன்றுதான். வீட்டிலிருந்து பள்ளிவாசல், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, வீட்டிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவேன். அந்த நாற்பது நாளும் கல்யாண வீடு, துக்க வீடு, விருந்து என்று யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளத் தோன்றியதில்லை.

அங்கே பாலைவனத்தில் நிலைமை வேறு. டாஷ்போர்டில் ஒட்டிய ஜிபிஎஸ் பெட்டிதான் எனக்கு எல்லாம். மணல்காற்று அடித்து ரோடே மறைந்துபோனாலும் பெட்டி சொல்லும் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவேன். ஒருநாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. வேலையை விட்டு வரும்போது அதையும் சாமான்களோடு கட்டிக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், கேஸ் அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றினேன். கூரைமேல் ஏசியும் தண்ணீர்த் தொட்டியும் ஏறியதில் வண்டியின் உயரம் பத்தரை அடி ஆகிவிட்டது. என் மனைவி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சுற்றிப் பார்த்தாள்.

“வீடு கட்டி எட்டு வருசம் ஆச்சு. அதுல சேர்ந்தாப்ல ரெண்டு மாசம் இருந்திருப்பியளா? இப்ப சக்கரம் வச்ச வீடு கேக்குதோ?” என்றாள். ஆனால் அடுத்த வாரமே ஜன்னல்களுக்கு அளவெடுத்துத் திரை தைத்துவிட்டாள்.

ஆனி மாதக் கடைசியில், சாரல் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு முதல் பயணம் கிளம்பினோம். சுந்தரபாண்டியபுரம் போய்ச் சூரியகாந்தி வயல் பார்த்துவிட்டு, குற்றாலத்தில் ஒருநாள் தங்கி, பிறகு செங்கோட்டை வழியாகக் கேரளா போவது என்று திட்டம். பெட்டியில் வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் பதிந்தேன். பக்கத்திலேயே செல்போனை ஸ்டாண்டில் மாட்டி அதிலும் மேப்பைப் போட்டேன்.

“இங்கன இருக்க குத்தாலத்துக்கு ரெண்டு மேப்பா?” என்று மனைவி சிரித்தாள்.

“பழக்கம்” என்றேன்.

ஆய்க்குடி தாண்டியதும் எனக்குப் பெட்டியின் மேல் நம்பிக்கை குறைய ஆரம்பித்தது. அதில் இருந்த இந்திய மேப் பழையது. புதிதாகப் போட்ட ரோட்டில் நாங்கள் போய்க்கொண்டிருக்கும்போது, அது வண்டியை வயலுக்குள் ஓடுவதாகக் காட்டியது. செல்போனோ ஒவ்வொரு டீக்கடையையும் பேர் சொல்லிக் காட்டியது. பெட்டியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் பூ இன்னும் முழுதாக விரியவில்லை. ஆனாலும் போட்டோ எடுக்கக் கூட்டம் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தியதும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

“கேரவன்லே! ஷூட்டிங்கா அண்ணாச்சி? உள்ள யாரு இருக்கா?”

கதவைத் திறந்துகொண்டு என் மனைவி முக்காட்டைச் சரிசெய்தபடி பிளாஸ்கோடு இறங்கினாள். வந்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. அவள், “டீ குடிக்கியளா?” என்று கேட்டாள். ஒருவர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

பதினொரு மணிக்குத் தென்காசிப் பக்கம் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் செல்போனில் தென்காசி ஊர் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. சீசன் கூட்டம். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போனால் இருபது நிமிடம் மிச்சம் என்று செல்போன் இடதுபுறம் ஒரு சின்ன ரோட்டைக் காட்டியது. பெட்டி நேராகவே போகச் சொன்னது.

“மெயின் ரோட்டுலயே போங்க” என்றாள் மனைவி. “அந்தப் பக்கம் ரயில் பாலத்துக்கு அடில நுழையணும். நம்ம வண்டி போவாது.”

“அப்படி இருந்தா போன் காட்டாது” என்றேன்.

“போனுக்கு நம்ம வண்டியோட உசரம் தெரியுமா?”

அது சரியான கேள்வி. பெட்டிக்குத்தான் உயரம் சொல்லியிருந்தேன், செல்போனுக்குச் சொல்லவில்லை. ஆனால் இருபது நிமிடம் என்ற எண் கண்ணில் நின்றது. திருப்பிவிட்டேன்.

ரோடு போகப் போகக் குறுகியது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நாற்று நட்ட வயல். இரண்டு கிலோமீட்டர் போனபின் ரோடு சரிந்து இறங்கியது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் காங்கிரீட் பாதை. அதற்கு முன்பாக உயரத் தடுப்புக்கு ஓர் இரும்புச் சட்டம் குறுக்கே நின்றது. அதில் எழுதியிருந்த அளவு துருவில் அழிந்திருந்தது. நான் மெதுவாகத்தான் போனேன். “நில்லுங்க” என்று மனைவி சொன்னதும், “நேராகச் செல்லவும்” என்று செல்போன் சொன்னதும் ஒரே நேரத்தில். எனக்குச் செல்போன்தான் கேட்டது.

தலைக்கு மேலே கர்ரென்று இழுத்தது. வண்டி நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். ஏசியின் பிளாஸ்டிக் மூடி பிளந்து சட்டத்துக்கு அடியில் செருகியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் நாற்பது டன் வண்டியில் ஒரு கீறல் போடாதவன் நான். வெட்கமாக இருந்தது. பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றும் ஒரு ஆட்டோவும் வந்து நின்றன. டிராக்டர்காரர் இறங்கி வந்து மேலே பார்த்தார்.

“பாய், இதுல கார், ஆட்டோ, டிராக்டரு போவும். என் லோடே பாதிதான் ஏத்திருக்கேன், பாத்தியளா? நேத்து ஒரு கல்யாண வேனு இதே மாதிரி மாட்டிச்சு. போன் சொல்லிச்சுன்னு வந்தோம்னாவ. பின்னாலயே எடுத்துருங்க. திருப்ப எடம் கெடையாது.”

அவர் தன் டிரெய்லரை வளையாமல் நெளியாமல் பின்னாலேயே கொண்டுபோய் ஒரு களத்துமேட்டில் ஒதுக்கினார். ஆட்டோவும் போயிற்று. இனி என் முறை. அந்தக் களம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். பின்பக்கக் கண்ணாடியைத் திரை மறைத்தது. பக்கக் கண்ணாடியில் வாய்க்கால் விளிம்பு மட்டும் தெரிந்தது.

“நான் பின்னால நடக்கேன். என் சத்தத்த மட்டும் கேளுங்க” என்று மனைவி இறங்கிவிட்டாள்.

செல்போனை அணைத்தேன். “வாங்க... வாங்க... வலப்பக்கம் ஒடிங்க... போதும்... நேரா வாங்க” என்று அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. துறைமுகத்தில் எத்தனையோ பேர் எனக்கு ரிவர்ஸ் காட்டியிருக்கிறார்கள். அவர்களைவிட இவள் தெளிவாகக் காட்டினாள். எங்கே பழகினாள் என்று தெரியவில்லை.

பாதி வழியில் குரல் நின்றது. பிரேக் போட்டு எட்டிப் பார்த்தேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வரப்பேறி வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கடையநல்லூரு அக்காதான? பிள்ளையத் தூக்கிட்டு மழையில வந்தியளே! பிள்ள எப்படி இருக்கா?”

“காலேஜ் படிக்கா. நல்லா இருக்கா. உன்னயத்தான் நான் அடிக்கடி நெனப்பேன்.”

இரண்டு நிமிடம் பேசினார்கள். பிறகு மறுபடியும், “வாங்க... வாங்க” என்று குரல் கேட்டது. களத்துமேட்டில் வண்டியைத் திருப்பினேன். டிராக்டர்காரருக்கு நன்றி சொன்னோம். மனைவி ஏறி உட்கார்ந்து சேலை நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

“யாரு அது?” என்றேன்.

மெயின் ரோடு ஏறியபின்தான் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் சுரண்டைப் பக்கம் தன் அக்கா வீட்டுக்கு மகளோடு போயிருந்தாளாம். அங்கே மகளுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டிருக்கிறது. ஆட்டோ பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு இந்தக் குறுக்கு வழியில் வந்தால், பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தின் மேலேறிக் கடந்திருக்கிறாள். இந்த அம்மாள்தான் கூடவே ஓடிவந்து, அந்தப் பக்கம் ஒரு பால் வண்டியை மறித்து ஏற்றிவிட்டிருக்கிறாள்.

“எங்கிட்ட சொல்லவே இல்லயே?”

“சொன்னா அங்கன இருந்து நீங்க என்ன செய்விய? சாப்பாடு எறங்காம வண்டி ஓட்டுவிய. அதான் சாதாரணக் காய்ச்சல்னு சொன்னேன்.”

அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருந்தது. போனில் “சளி மாத்திரை குடுத்தியா?” என்று கேட்டதும் நினைவிருந்தது.

குற்றாலத்தை நெருங்கியதும் போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நெட்வொர்க் கிடைக்காமல் மேப் அப்படியே உறைந்து நின்றது. “எங்க போவணும்?” என்று அவளிடமே கேட்டேன். இலஞ்சிப் பக்கம் திரும்பச் சொன்னாள். அங்கே ஒரு தென்னந்தோப்பில் சொல்லிவிட்டு நிறுத்தினோம். தோப்புக்காரர் கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர்கூட விட்டார். சாரலில் நனைந்துகொண்டே ஏசியின் மூடிமேல் தார்ப்பாய் கட்டினேன். மதியம் அவள் ரசம் வைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே, “கேரளா அப்புறம் போவோம். மொதல்ல இங்கன நீ போன எடமெல்லாம் காட்டு” என்றேன்.

“இதுல பாக்க என்ன இருக்கு?” என்றாள். ஆனால் காட்டினாள்.

ஒன்பது நாள் சுற்றினோம். மகள் படித்த பள்ளிக்கூடம், வீடு கட்ட மணல் சொல்லிவைத்த இடம், கரண்டு கனெக்‌ஷனுக்கு அலைந்த ஆபீஸ், மொபெட் ஓட்டப் பழகி விழுந்த வளைவு. என் உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கே மூன்று நாள் அவள் படுத்த பெஞ்சு இன்னும் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி, செல்போன் மேப்பில் குறி வைத்து, அவள் சொன்னபடி பேர் எழுதினேன். பாலத்தடிக்கும் ஒன்று வைத்து, ‘வண்டி போகாது’ என்று எழுதினேன். அதற்குக் கீழே மகளின் பேரையும் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

பத்தாம் நாள் செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதையில் ஏறினோம். முன்னால் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன். மனைவி செல்போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள்.

“இதுக்கு மேல எனக்கும் தெரியாது. அடுத்தது ஆரியங்காவுன்னு போட்டிருக்கு. வளைவு நெறைய இருக்கு, மெதுவாப் போங்க” என்றாள்.

இரண்டாம் கியரில் போட்டேன்.