கெத்தூராவின் முழங்கால்

பிலடெல்பியாவில் லொம்பார்ட் தெரு முனையில் மிளகு சூப் விற்கும் கெத்தூராவைத் தெரியாதவர்கள் எங்கள் கறுப்புச் சனத்தில் கிடையாது. அடிமையாகக் கிடந்த மேரிலாந்துப் பண்ணையிலிருந்து தப்பி வரும்போது வண்டியிலிருந்து குதித்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டவள். அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. தேவாலயத்தில் நாங்கள் எல்லோரும் மண்டியிட்டு ஜெபிக்கும்போது அவள் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கால்தான் மடங்காதே தவிர, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

விடுதலைப் பத்திரம் கைக்கு வந்த வருஷம், அடிமை ஒழிப்புச் சங்கத்தார் அவள் படத்தை அச்சடித்துத் தங்கள் சந்தையில் விற்கக் கேட்டார்கள். இன்னும் சங்கிலியில் கிடப்பவர்களுக்கு உதவட்டுமே என்று சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கஞ்சி போட்ட காலர் சகிதம், என்னையும் இழுத்துக்கொண்டு, மரக்கட்டையில் படம் செதுக்கும் லாத்ரப்பின் பட்டறைக்குப் போனாள்.

லாத்ரப் நல்ல மனிதர். அதுதான் எனக்கு எரிச்சல். முகத்தை மட்டும் ஒரு சின்னக் கட்டையில் செதுக்கினார். மறுவாரம் போனால் மேசைமேல் பெரிய கட்டை ஒன்று. அதில் பாதி உடம்பு துணியில்லாமல் தெரிய, கையில் சங்கிலியோடு மண்டியிட்டு வானத்தைப் பார்க்கும் ஒரு பெண். தலை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. யார் முகம் வந்தாலும் அதே உடம்புதான். சங்கத்தார் விற்கும், ஊசி குத்திவைக்கிற குட்டி மெத்தையிலும் சர்க்கரைக் கிண்ணத்திலும் அதே முழங்கால்கள்தான்.

“என் தலைய இதுலயா சொருகப் போறீங்க?”

“கோவிச்சுக்காதீங்க சகோதரி. மண்டி போட்டாத்தான் பாக்கறவங்க மனசு இளகும்.”

“கடவுள் முன்னாடியே மண்டி போடாதவ நான். உங்க சீமாட்டிங்க முன்னாடி போடணுமா?”

“உங்க கால் மடங்காதுன்னு வாங்கறவங்களுக்குத் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே ஐயா!”

தன் முகம் செதுக்கிய கட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“வாடி போலாம். வேற தலையத் தேடிக்கட்டும்” என்றேன்.

“நான் போனா அந்த ஓட்டையில நாளைக்கு உன்னைச் சொருகுவாரு. வேற உடம்பு செதுக்காம நான் நகர மாட்டேன்.”

மறுநாள் சூப்புப் பானையைப் பட்டறை வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினாள். தெரு அதிரக் கூவினாள். மூட்டை தூக்குகிறவர்களும் மாலுமிகளும் வாசலை அடைத்து நின்று உறிஞ்சினார்கள். உள்ளே உளி ஓடவில்லை. அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கடைசியில் மனிதர் பெருமூச்சு விட்டுப் புதுக் கட்டையை எடுத்தார். எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

சந்தையன்று அந்தப் படம் தொங்கியது. தொப்பி, காலர், ஒரு கால் விறைத்தபடி நேராக நிற்கும் பெண். பட்டு உடுத்த சீமாட்டி ஒருத்தி அதை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கெத்தூராவிடமே கேட்டாள்:

“இதுல அடிமை எங்க இருக்கா?”

“அவ எப்பவோ ஓடிப்போயிட்டாம்மா” என்றாள் கெத்தூரா.