இரண்டு பண்ணைக்கும் ஆக்கிய இருசப்பன்

ஊர், ஏம்பலத்துக்கும் பாகூருக்கும் நடுவில். பெயர் வேண்டாம், இரண்டு பண்ணைகளுக்கும் பேரன்மார் இருக்கிறார்கள், எல்லாருக்கும் கை நீளம்.

பிரெஞ்சுக்காரன் கொடுத்த பெரிய வரம் ஓட்டு. அந்த ஊரில் அதை ஆட்டுக்கறிக் குழம்போடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மேர் என்ற ஊர்த்தலைவர் பதவிக்குச் சுப்பராயலுப் பண்ணையும் மணவாளப் பண்ணையும் மோதும்போதெல்லாம் குழம்பு கொதிக்கும். கொதிக்க வைப்பவன் சமையல்கார இருசப்பன்.

அவனுக்குக் கட்சி கிடையாது, குடிசை உண்டு. வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில் இருந்தது. மேர் மனசு வைத்தால் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். ஆகவே, ஜெயிப்பது யாராக இருந்தாலும் அவர் வயிற்றில் தன் சமையல் இருக்கட்டும் என்று இரண்டு இடத்திலும் ஒப்புக்கொண்டான்.

அதில் ஒரு சிக்கல். எலக்ஷன் சோறு தின்றவன் அந்தப் பண்ணை ஆள் என்பது ஊர் வழக்கம். ஒரு வாய் போதும். ஆக்குகிறவன் உப்புப் பார்த்தாலும் தின்றதாகத்தான் அர்த்தம். எனவே இருசப்பன் நாக்கில் ஒரு சொட்டும் வைக்காமல், ஆவியை மோந்தே குழம்பை இறக்கினான்.

சுப்பராயலு வீட்டில் தப்பித்தான். மணவாளன் வீட்டில், உதவிக்கு வந்த இருசப்பன் பெண்டாட்டி காசம்மாள் மசாலா அரைக்கும்போதே உப்பைச் சேர்த்துவிட்டாள். அது தெரியாமல் இவனும் தன் பங்குக்கு அள்ளிப் போட்டான்.

முதல் பந்தியே துப்பியது.

“இன்னாடா இருசப்பா, வீராம்பட்டினத்துக் கடலை மொண்டு ஊத்திட்டியா?”

மணவாளன் வந்தார். “சுப்பராயலு சொல்லித்தானே போட்ட? இல்லேன்னா எல்லாரும் பாக்க ஒரு வாய் தின்னு.”

வேலிக்கு அந்தப் பக்கம் சுப்பராயலுவின் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு விரதம், எசமான்.”

“கறி ஆக்கற கையிக்கு இன்னாடா விரதம்?”

பந்தி சிரித்தது. மணவாளன் சிரிக்கவில்லை.

ஓட்டு நாளில் இருசப்பன் மேரின் ஆபீசான கச்சேரிக்குப் போனான். வாசலில் தடியோடு நின்றவன் தோளைத் தட்டினான். “உன் ஓட்டு காலையிலேயே வுழுந்துடுச்சு மாமா. வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ.”

யாருக்கு விழுந்தது என்று கேட்காமலே திரும்பினான். போன வருஷம் செத்த அவன் மச்சானும் ஓட்டுப் போட்டிருந்தான். சோறு கேட்காத ஓட்டு அது ஒன்றுதான்.

ஜெயித்தது மணவாளன். இருசப்பன் குடிசைக்காக அவர் வாசலில் போய் நின்றான்.

“குடிசையா? போய்ச் சுப்பராயலுவைக் கேளு. அவன் ஆளுக்கு நான் எடம் குடுக்கறதா?”

தனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லிச் சுப்பராயலுவிடம் ஓடினான்.

“நீ எங்க வூட்டுலயும் கை நனைக்கலியாமேப்பா. என் ஆளுன்னு நான் எப்படிச் சொல்றது?” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் குடிசையைப் பிரித்தார்கள். பிரித்த நாலு பேரும் இவன் குழம்பைத் தின்றவர்கள்தான். ஒருவன் கூரை மேலிருந்து, “அண்ணி, இந்த மூங்கிலு நல்லாருக்குது, எடுத்து வெச்சுக்கோ” என்று அக்கறையாகச் சொன்னான்.

“ரெண்டு வூட்டுலயும் வயிறாரத் தின்னிருந்தாலும் இதே கதிதான். பசியாவது ஆறியிருக்கும்” என்றாள் காசம்மாள்.

அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, இவன் பின்னால் நடந்தான். அரியூரில் அவள் தங்கை கலியம்மாள் வீட்டில் மாட்டுக்கொட்டாய் ஒன்று காலியாக இருந்தது. கலியம்மாள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அவள் புருஷன் குரலைத் தாழ்த்தினான்.

“தப்பா நினைக்காத சகலை. இங்கயும் எலக்ஷன்ல ரெண்டு பேருக்கு மண்டை ஒடைஞ்சிருக்குது. வந்திருக்கறது எந்தக் கட்சி ஆளுன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லட்டும்?”

இருசப்பன் காசம்மாளைப் பார்த்தான். அவள் அண்டாவை இன்னும் தலையிலிருந்து இறக்கவில்லை.