கட்டைவிரல் அண்ணன் வெட்டிய நான்கு வரிகள்

கை கழுவிவிட்டுத்தான் அழுத்துவார். மிக்சியும் மைக்ரோவேவ் அடுப்பும் கழற்றிக் கறுத்த கையைக் கடையின் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, துண்டில் துடைத்து, மடிக்கணினியின் முன் வந்து நின்று, எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். அதன் பிறகே 'வெளியிடு' என்ற பொத்தான். உட்கார்ந்தபடி அழுத்தியதை நான் பார்த்ததில்லை. "மிக்சியில தப்பு பண்ணா திரும்பக் கழட்டிக்கலாம் சார். இது நாலு பேர் கண்ணுல பட்டுட்டா பட்டதுதான்" என்பார்.

வயது நாற்பத்தொன்பது. வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பவர். கடை ஒன்பதடிக்குப் பதினான்கடி. முன் மேசையில் அவர் மனைவி உட்கார்ந்து, வருகிற பொருள்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவார். எதிர் மாடியில் குடியிருக்கும் நான் தினமும் பத்து மணிக்கு அங்கே செய்தித்தாள் படிக்கப் போகிறேன்.

பழுது வேலையைப் பற்றி அவர் எழுதும் வலைப்பூ தொடங்கி எட்டு மாதம் பதினோரு நாள் ஆகிறது, அறுபத்திரண்டு பதிவுகள். வாசகர்கள் அவரைக் 'கட்டைவிரல் அண்ணன்' என்கிறார்கள். மூன்றாவது பதிவில் யாரோ எடுத்த படத்தைக் கேட்காமல் போட்டுவிட்டார். படத்துக்கு உரியவர் வந்து நறுக்கென்று கேட்டார். இவர் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டுப் படத்தை நீக்கினார். அன்று முதல் எல்லாப் படங்களும் அவரே எடுப்பவை. பாகத்தைச் சுட்டியபடி, நகம் கறுத்த இடது கட்டைவிரல் ஒவ்வொன்றிலும் இருக்கும். "என் படம்தான்னு அதுவே சாட்சி சொல்லும்ல?"

அவருடைய ஒழுங்குகள் எல்லாம் இப்படி அடிபட்டு வந்தவை. ஒரு மிக்சிக்குள் கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திய கதையைச் சுவையாக எழுதப்போய், அந்த மிக்சிக்குச் சொந்தக்கார அம்மாள் வாசலில் வந்து நின்று, "என் வீட்டு அசிங்கம்தான் உனக்குக் கதையா?" என்று கேட்டார். அதிலிருந்து சம்மதம் வாங்காமல் யார் வீட்டையும் எழுதுவதில்லை. யாராவது திட்டினால், பதில் போடுவதற்கு முன் ஒரு மிக்சியை முழுதாகக் கழற்றி மாட்டுவார். பின்னூட்டம் இடுகிறவர்களிடம் மின்னஞ்சல் முகவரி கேட்கமாட்டார். "ஜனங்க விலாசத்தை வாங்கி வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்?" பின்னூட்டங்களை நாளுக்கு ஒருமுறை, காலை 10.20க்குப் பார்த்துத் தாமே அனுமதிப்பார். பிழை வந்தால் பழையதை அழிக்காமல், பதிவின் தலையில் சிவப்பு எழுத்தில் திருத்தம் எழுதி, தேதியும் நேரமும் போடுவார். "தேதி போட்டுட்டா கல்வெட்டு சார். அப்புறம் நானே கை வைக்கமாட்டேன்."

போன புதன்கிழமை 10.20க்கு ஒரே ஒரு பின்னூட்டம் காத்திருந்தது. முந்தின நாள் மாலை 6.52க்கு வந்தது. வாய்விட்டுப் படித்தார்: "அண்ணே, மைக்ரோவேவ் பதிவு ரொம்ப உதவி. நாளைக்குப் பிள்ளைங்க கிளம்பினதும் பத்து மணிக்கு மேல நானே கழட்டி பியூஸ் மாத்தப்போறேன். மழைக்குருவி."

"பாருங்க சார்…" என்று சிரித்தவர் பதிவை மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி மேலே போனார். சிரிப்பு நின்றது.

"அந்த நாலு வரி எங்க?"

மனைவி நிமிர்ந்தார். "எந்த நாலு வரி?"

"பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கெபாசிட்டர்ல கரண்டு நிக்கும், தொட்டா ஆளை அடிச்சிடும், இது தெரிஞ்சுக்கத்தான், யாரும் வீட்டுல கழட்டாதீங்கன்னு எழுதியிருந்தேனே!"

அந்த வரிகள் பதிவின் தொடக்கத்தில் இருந்தவை. ஞாயிற்றுக்கிழமை மனைவிதான், "ஆரம்பமே இப்படிப் பயமுறுத்தினா எவன் உள்ள வருவான்? கடை வாசல்ல நாயைக் கட்டின மாதிரி இருக்கு" என்றார். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இவர் வெட்டினார். அந்த நேரம் பார்த்து ஒருவர் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெட்டியது வெட்டியபடியே நின்றுபோனது. வாய்விட்டுப் படித்தபோதும் தெரியவில்லை. எழுதியவருக்கு இல்லாத வரியும் காதில் விழும் போலிருக்கிறது.

கடிகாரம் 10.26. மழைக்குருவி யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. முகவரி கேட்பதில்லை என்ற நல்ல பழக்கம் அன்று கழுத்தைப் பிடித்தது.

"நேத்து சாயங்காலமே பாத்திருந்தா…" என்றபடி தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

மனைவி எழுந்து வந்து தோளைப் பிடித்தார். "இருங்க. சத்தமில்லாம அந்த நாலு வரியை உள்ள சேத்துடுங்க. தப்பு பண்ணேன்னு தம்பட்டம் அடிக்காதீங்க. வெள்ளிக்கிழமைதான் அவங்க முடிவு சொல்றாங்க."

அவங்க என்றது அடுத்த தெருவின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தை. எண்பத்து நான்கு வீடுகளின் பழுது வேலையையும் ஓராண்டுக்கு ஒருவரிடமே ஒப்படைக்கப் போகிறார்கள். செயலாளர் இவருடைய வலைப்பூவைப் படித்துவிட்டுத்தான் இவரைத் தேடி வந்தார்.

"படிச்சு முடிச்சவங்க மறுபடி முழுசாவா படிப்பாங்க? நடுவுல சேத்தா கண்ணுல படாது. திறந்ததும் மூஞ்சியில அறையணும்" என்றார் இவர்.

பெரிய சிவப்பு எழுத்தில் எழுதினார்: 'நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள். இந்தப் பதிவில் நான் செய்த தவறு உயிரைப் பறிக்கும்.' அதன் கீழே அந்த நான்கு வரிகள். பின்னூட்டத்துக்கும் அதையே பதிலாகப் போட்டார். கை கழுவவில்லை. நிற்கவில்லை. படித்துப் பார்க்கவில்லை. நேரமும் போடவில்லை. பொத்தானில் கிரீஸ் ஒட்டியது. மணி 10.31.

பிறகு காத்திருப்பு. ஒரு ஸ்க்ரூவை எடுத்து விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே திரையைப் புதுப்பித்தார்.

10.44க்கு ஒரு பின்னூட்டம். பாய்ந்தார். வேறு யாரோ. 'ஆளைக் கொல்லத்தான் பிளாக் நடத்துறியா? உனக்கெல்லாம் கடை ஒரு கேடு.'

"அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்றார் மனைவி.

"என்ன பொய் சொல்லிட்டான்?" என்று அனுமதித்தார். அன்று எந்த மிக்சியையும் கழற்றவில்லை.

11.15க்குச் செயலாளர் தொலைபேசியில் வந்தார். இவர் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் திரையிலேயே கண்ணாக இருந்தார்.

"என்னங்க இது, நீங்களே உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கீங்க?"

"தப்பு நடந்துடுச்சு சார்."

"தப்பு யாருக்குத்தான் நடக்கல? சரி பண்ணிட்டு அந்த சிவப்பை எடுங்க. அது அங்க நிக்கிற வரைக்கும் கமிட்டியில உங்களுக்காக நான் எந்த வாயால பேசுறது?"

"அவங்க பாக்கணும் சார்."

"எவங்க?"

"தெரியல சார்."

மறுமுனை துண்டித்தது. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதில் ஆடை படிந்தது. 11.50க்கு, "அவங்க வீட்டுல கரண்டு இல்லாமக்கூட இருக்கலாம்" என்றார் மெதுவாக.

"கரண்டு இல்லாட்டியும் அது அடிக்கும்டி. அதானே பயம்."

நான் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பிடித்திருந்தேன்.

12.16. 'மழைக்குருவி' என்ற பெயர் திரையில் வந்தது. அவர் எழுந்து நின்றார். வாய்விட்டுப் படித்தார்.

"அண்ணே, பத்தரைக்கு உக்காந்தேன். மூணு ஸ்க்ரூ வந்துடுச்சு. நாலாவது நட்சத்திரம் மாதிரி இருக்கு, நடுவுல ஒரு குச்சி வேற நிக்குது, என்கிட்ட இருக்கிற எதுவும் சேரல. மேல் வீடு கீழ் வீடு எல்லாம் அலைஞ்சு கேட்டுட்டேன். எந்த ஸ்க்ரூடிரைவர்னு உங்களையே கேக்கலாம்னு வந்தா ஒரே சிவப்பா இருக்கு. மூடியைத் திறக்கல அண்ணே."

கண்டவர் திறக்கக்கூடாதென்றே அந்த அடுப்பில் அப்படி ஒரு ஸ்க்ரூவை வைத்தவன் எவனோ, அவன் இவரைவிடக் கெட்டிக்காரன்.

'மூன்று ஸ்க்ரூவையும் மாட்டிவிடுங்கள். தெரிந்த ஆளிடம் கொடுங்கள்' என்று பதில் போட்டார். நாற்காலியில் விழுந்தார்.

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அருகில் வந்தார். "அப்பாடா. அவங்கதான் பாத்தாச்சே. இப்பவாவது அதை எடுத்துடுங்க. செயலாளருக்கு நானே போன் போட்டுச் சொல்றேன், என்ன?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க வாட்ச்ல சரியா மணி என்ன?"

"பன்னிரண்டு பத்தொன்பது."

"அப்போ அதைப் போட்டது?"

"பத்து முப்பத்தொன்று."

சிவப்பு வரிகளின் கீழே தேதியையும் 10.31 என்ற நேரத்தையும் அடித்தார். எழுந்து பின்பக்கம் போனார். குழாய் நீர் இரண்டு தரம் விழும் சத்தம் கேட்டது. துண்டில் கையைத் துடைத்தபடி வந்து, நின்று, வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.